கூடத்தில் ஒரு புகைவண்டி

பெரியதொரு பொருளைச் சிறியதாகச் செய்து, கையகத்தே வைத்துக் கண்டு மகிழ்தல் மக்களின் இயல்புகளுள் ஒன்று. சிறுமியர் மணலாற் சிற்றில் இழைத்தனர். சிறுவர் சிறுதேர் உருட்டினர். புலவர் பெருமக்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றனையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாக வைத்துப் போற்றினர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் மூன்று சக்கரங்களையுடைய சிறுதேரை ஓட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. தேர் ஓடிய காலத்தில் சிறுதேர் தோன்றியது; புகைவண்டி ஓடத் தொடங்கிய காலத்தில் சிற்றுருவப் புகைவண்டி தோன்றியது. எனினும் இவ்விரண்டற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிறுதேர் தேரைப் போலத் தோன்றினாற் போதும். சிற்றுருவப் புகைவண்டியோ, மெய்யான வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, அவ்வளவைத் தவறாமற் குறைத்துச் செய்யப்படுவது. அளவே இக்கலையின் உயிர்.

காவிரிப்பூம்பட்டினத்திற்குத் தெற்கே, அதே கடற்கரையில், காரைக்கால் பகுதியின் தென்கோடியில், நாகூரை அடுத்துக் கீழவாஞ்சூர் என்னும் ஊர் உளது. 2009-ஆம் ஆண்டு முதல் அங்கே துறைமுகம் இயங்கி வருகின்றது. நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே 2011-ஆம் ஆண்டில் அகலப் பாதை திறக்கப்பட்டது. கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி, சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டு உள்நாட்டிற்குச் செல்கின்றது. 58 பெட்டிகள் கோத்த அத்தகைய வண்டியொன்று ஏறத்தாழ 620 மீட்டர் நீளமுடையது. வயல் வரப்பில் நின்று அதனைக் காணும் மாணவன் ஒருவன், "இவ்வண்டி நம் வீட்டுக் கூடத்தில் ஓடினால் எப்படியிருக்கும்!" என எண்ணுகின்றான் என்று கொள்வோம். அவ்வெண்ணம் நிறைவேறுமா? நிறைவேறும். ஆனால் அதற்கு அவன் முதலிற் கற்க வேண்டுவது கணக்கே ஆகும்.

இவ்வாசை அவனுக்கு மட்டும் உரியதன்று. செருமனி நாட்டு மார்க்லின் நிறுவனத்தார் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், வரையறுத்த அகலங்களையுடைய தண்டவாளங்களில் ஓடும் விளையாட்டு வண்டிகளைக் காட்சிக்கு வைத்தனர். அகலம் வரையறுக்கப்பட்டமையால், முன்பு வாங்கிய தண்டவாளத்தோடு பின்பு வாங்கியதை இணைத்துப் பாதையைச் சிறிது சிறிதாக நீட்டுதல் எளிதாயிற்று. இங்கிலாந்தில் பாசெட்-லோக் என்பார் 1899-இல் தொடங்கிய நிறுவனம், மெய்வண்டியை ஒத்த நுண்ணிய உருவங்களைச் செய்து புகழ் பெற்றது. பிராங்கு ஆர்ன்பி என்பார் 1920-இல் வெளியிட்ட சாவி கொடுத்தால் ஓடும் வண்டிகள் நடுத்தர மக்களின் இல்லங்களிலும் நுழைந்தன. அமெரிக்காவில் 1935-இல் இக்கலைஞர் சங்கம் கூடி, ஒருவர் செய்த பெட்டி மற்றொருவர் பாதையிலும் ஓடுமாறு பொது அளவுகளை வகுத்தது. நம் நாட்டிலோ, குவாலியர் அரண்மனையின் உணவு மேசைமீது வெள்ளியாலாகிய சிறு வண்டியொன்று விருந்தினர்க்கு வேண்டுவனவற்றைச் சுமந்து ஓடியது. அரசர்க்கு அது செல்வச் சிறப்பு. இன்று அட்டையும் பசையும் கொண்டு தொடங்கும் மாணவனுக்கு அது அறிவுப் பயிற்சி.

இக்கலையில் பல அளவு விகிதங்கள் வழங்குகின்றன. அவற்றுள் உலகெங்கும் மிகுதியாகப் பயில்வது 87-இல் ஒரு பங்கு என்னும் விகிதம். மெய்யான பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய அனைத்தையும் 87-ஆல் வகுத்துக்கொள்ளுதலே இதன் விதி. அவ்வாறு வகுத்தால், ஒரு மீட்டர் விட்டமுள்ள சரக்குப் பெட்டியின் சக்கரம் 11½ மி.மீ. ஆகின்றது; பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பெற்ற தொழிற்சாலையில் நெடுங்காலம் கட்டப்பட்ட 21 மீட்டருக்குச் சற்று மிகுந்த பயணிகள் பெட்டி 24½ செ.மீ. ஆகின்றது. மணிக்கு 60 கி.மீ. விரையும் வண்டி, கூடத்தில் ஒரு நொடிக்கு 19 செ.மீ. மட்டுமே நகர்தல் வேண்டும். அதனினும் விரைந்து ஓடினால் அது விளையாட்டுப் பொருளாகிவிடும். ஒரு மி.மீ. பிழை செய்தவன் மெய்யுலகில் 87 மி.மீ. பிழை செய்தவனாகின்றான். ஆதலின் அளவுகோலும் பொறுமையுமே இக்கலைஞனின் முதற் கருவிகள்.

தண்டவாளங்களின் இடையகலம் நம் நாட்டார்க்கு ஒரு சிக்கலைத் தருகின்றது. மேலைநாடுகளில் அவ்வகலம் 1,435 மி.மீ. அதனை 87-ஆல் வகுத்தால் 16½ மி.மீ. வரும். கடைகளிற் கிடைக்கும் தண்டவாளங்கள் பெரும்பாலும் அவ்வகலமுடையன. நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ.; அதற்கு 19¼ மி.மீ. வேண்டும். ஆகவே இந்திய வண்டியை அமைப்போர், கடைத் தண்டவாளத்தை ஏற்றுச் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்வதா, அன்றித் தாமே தண்டவாளம் அமைத்து உண்மையைக் காப்பதா என்று முடிவு செய்தல் வேண்டும். இருதிறத்தாரும் உளர். பழைய மீட்டர்ப் பாதையை அமைக்க விரும்புவோர்க்கு இவ்விடர் குறைவு, 1,000 மி.மீ. என்பது 11½ மி.மீ. ஆகும். சுவிட்சர்லாந்தின் மலைப் பாதைகளுக்கெனச் செய்யப்படும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிக நெருங்கியது.

பாதையகலம் மாறிய வரலாற்றைக் கீழவாஞ்சூரின் அண்டை ஊர்களே கூறும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1861, 1862-ஆம் ஆண்டுகளில் இடப்பட்ட பாதை முதலில் அகலப் பாதையே. பின்னர் அது மீட்டர்ப் பாதையாக மாற்றப்பட்டது. நம் காலத்தில் மீண்டும் அகலப் பாதையாயிற்று. நாகப்பட்டினத்தில் இயங்கிய இரயில்வேப் பணிமனையும் 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்குப் பெயர்ந்தது. எக்காலத்துப் பாதையை அமைக்கப் போகின்றோம் என்பதைத் துணியாமல் ஓர் ஆணியையும் அடித்தல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

இனி, மாணவனின் நிலக்கரி வண்டிக்கு வருவோம். 620 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 7 மீட்டருக்கு மேல் வரும். கூடமே அவ்வளவு நீளமிராது. நாகூர் முதல் காரைக்கால் வரை ஏறத்தாழ 10 கி.மீ.; அது 115 மீட்டர் ஆகித் தெருவையே கடந்துவிடும். அகலப் பாதையின் மிகக் கடுமையான வளைவுக்கும் 175 மீட்டர் ஆரம் வேண்டும். அதுவும் இரண்டு மீட்டர் ஆகும். என் செய்வது? இங்கேதான் கலைஞனின் அறிவு விளங்குகின்றது. 58 பெட்டிகளுக்கு மாறாகப் பத்துப் பெட்டிகள் கோக்கலாம், இடைவழியைச் சுருக்கலாம், வளைவைக் குறுக்கி, அதனை ஒரு சவுக்குத் தோப்பின் பின்னே மறைக்கலாம். ஆனால் பெட்டியின் உயரத்தையோ சக்கரத்தின் விட்டத்தையோ மனம்போனவாறு மாற்றுதல் ஆகாது. விடுவது குற்றமன்று, திரிப்பதே குற்றம்.

வண்டியை ஓடச் செய்வது மின்சாரம். வீட்டு மின்சாரத்தின் வலிமையை 12 வோல்ட் அளவிற்குக் குறைத்து, நேர்மின்னோட்டமாக்கி, இரு தண்டவாளங்களிலும் செலுத்துவர். ஒருபுறச் சக்கரங்கள் வழியே மின்சாரம் ஏறி, எந்திரத்தினுள் இருக்கும் சிறு மோட்டாரைச் சுழற்றி, மறுபுறச் சக்கரங்கள் வழியே இறங்கும். இருபுறச் சக்கரங்களும் அச்சினால் ஒன்றோடொன்று தொடர்புற்றாற் குறுக்கு மின்னோட்டம் உண்டாகுமாதலின், இடையே மின்கடத்தாப் பொருள் வைப்பர். மின்வலிமையைக் கூட்டினால் விரைவு மிகும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். 1990-களிலிருந்து எந்திரம் ஒவ்வொன்றிலும் அதற்கென ஓர் எண்ணுடைய சிறு மின்னணுக் கருவியைப் பொருத்தும் முறை பரவியுள்ளது. அதனால் ஒரே பாதையில் ஓர் எந்திரத்தை நிறுத்தி, மற்றொன்றை ஓட்ட இயலும். வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் பணியை மாணவர் தாமே செய்தலாகாது. பெரியோர் துணை இன்றியமையாதது.

பாதையைச் சூழ்ந்த நிலத்தை அமைப்பதில் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. தண்டவாளத்தடியிற் பரப்பும் 50 மி.மீ. சல்லி, இவ்விகிதத்தில் அரை மி.மீட்டருக்குச் சற்று மிகும். நுண்சல்லடையிற் சலித்த ஆற்றுமணல் அதற்கு ஏற்றது. பச்சைச் சாயம் தோய்ந்த மரத்தூள் புல்லாகும். நறுக்கிய சணல் நார் நெற்பயிராகும். இடித்த அடுப்புக்கரி நிலக்கரியாகும். தீக்குச்சிகள் சிலீப்பர்க் கட்டைகளாகும். ஆனால் நீரை மட்டும் எவரும் சிறிதாக்க இயலாது. சிறு குளத்தில் மெய்யான நீரை ஊற்றினால், அதன் துளி ஒவ்வொன்றும் ஒரு மனிதன் தலையினும் பெரிதாகத் தோன்றும். ஆதலின் குளத்திற்கும் ஆற்றிற்கும் பளபளக்கும் மெருகெண்ணெயைப் பூசி உலரவிடுவர்.

இக்கலை வீட்டினுள்ளே வளர்வது. வீட்டார் மனமுவந்தாலன்றி நிலைபெறாதது. குளிர்நாட்டினர் நிலவறையிலும் பரணிலும் பாதை அமைப்பர். நம் இல்லங்களிலோ உண்பதும் உறங்குவதும் படிப்பதும் ஒரே கூடத்தில். ஆகவே ஒட்டுப்பலகைத் துண்டுகளின்மீது பாதையைப் பகுதி பகுதியாக அமைத்து, வேண்டும்போது இணைத்து, பின்னர்ப் பிரித்துக் கட்டிலின் கீழ்த் தள்ளி வைத்தல் அறிவுடைமை. இலை போடும் வேளையில் மேசை ஒழிந்திருத்தல் வேண்டும். தங்கை படிக்கும் வேளையில் சம்மட்டி ஓய்ந்திருத்தல் வேண்டும். வீட்டுச் செலவிற்குரிய பணம் எந்திரமாக மாறிவிடலாகாது. வண்டியை 87-இல் ஒரு பங்காகக் குறைக்கக் கற்றவன், தன் ஆசையையும் வீட்டின் அளவிற்குக் குறைக்கக் கற்றல் வேண்டுமன்றோ?

அவ்வாறு கற்றவனுக்கு வீட்டாரே துணையாவர். அண்ணன் வண்டியோட்ட, தங்கை கைகாட்டியை இயக்க, தந்தை நிலைய அதிகாரியாய்க் காலஅட்டவணையை நோக்குவார். இதற்கெனப் பன்னிரு மடங்கு விரைந்து செல்லும் கடிகாரத்தை வைப்பாரும் உளர். அதன்படி இரண்டு மணி நேரத்தில் ஒரு நாளின் வண்டிகள் அனைத்தும் வந்து செல்லும். கடற்கரையூரில் மற்றொரு கடமையும் உண்டு. உப்புக் காற்றாலும் ஈரத்தாலும் தண்டவாளம் மாசேறி மின்சாரத்தைத் தடுக்கும். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்குமாதலின், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியன கலந்த உலோகத் தண்டவாளமே சிறந்தது. அதனையும் ஓட்டுவதற்கு முன் மெல்லிய அழிப்பானால் தேய்த்துத் தூய்மை செய்தல் வேண்டும்.

இப்பொழுதுபோக்கின் பயன் பொழுது போக்குவதோடு அமைவதில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1946-இல் தொடங்கிய சிற்றுருவ இரயில் கழகத்தில், பாதைகளின் மின்னிணைப்பை ஆராய்ந்த மாணவர் சிலர் பின்னர்க் கணிப்பொறித் துறையின் முன்னோடிகளாயினர். செருமனியின் ஆம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் 2001-இல் திறந்த சிற்றுருவ உலகம் இன்று பல நாட்டாரையும் ஈர்க்கின்றது. நம் நாட்டில் புனே நகரத்து பாவுசாகேப் சோசி என்பார், பல்லாண்டுகள் தம் ஓய்வுநேரத்தில் வளர்த்த கலையை 1998-இல் சிற்றுருவ இரயில்வேக் காட்சிச்சாலையாக்கி மக்களுக்கு வழங்கினார். ஒருவர் வீட்டு இன்பம் ஊர்ச்செல்வமாயிற்று.

இவற்றினும் உயர்ந்த பயன் ஒன்று உளது. பேரளத்திற்கும் காரைக்காலுக்கும் இடையே 1898-இல் மீட்டர்ப் பாதை திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலை அயலிலிருந்த ஆங்கில ஆட்சிப் பகுதியோடு இணைத்த அப்பாதையில் 1980-களில் வண்டிகள் நின்றன. பின்னர் அங்கு அகலப் பாதை அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. பழைய வண்டியையும் நிலையங்களையும் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருப்பர். அவர்களை வினவி, பழம் படங்களைத் தேடி, எஞ்சிய சுவர்களை அளந்து, அப்பாதையை ஒருவன் பலகைமீது உண்மையுற அமைப்பானாயின், மறைந்ததொன்று மீண்டும் கண்முன் நிற்கும். கற்பனையால் நிரப்பிவிட்டால், பின்வருவோர் அதனையே மெய்யென நம்பி மயங்குவர். ஒரு கூரையின் சரிவு, ஒரு கைகாட்டி நின்ற இடம் ஆகியவற்றைக்கூட ஆராய்ந்து அமைப்பது இதனாலேயே.

ஆகவே, கீழவாஞ்சூர் மாணவன் முதலில் ஒரு பெட்டியை மட்டும் செய்யட்டும். அட்டையை வெட்டுமுன் இருமுறை அளக்கட்டும். முதற் பெட்டி கோணலாயின் வருந்தாது, பிழை எங்கே நுழைந்தது என்று காணட்டும். பத்தாவது பெட்டி செய்து முடிக்கையில், அவன் கூடத்தில் ஒரு வண்டி ஓடும். அவன் உள்ளத்தில் அளவறியும் பண்பு நிலைத்திருக்கும்.