பதிவேட்டில் இல்லாத நோயாளிகள்

எம்.பி.பி.எஸ். முடிக்க ஐந்தரை ஆண்டு. அதன்மேல் எம்.எஸ். மூன்று ஆண்டு, இதயம், மூளை என்று போனால் எம்.சி.எச். இன்னும் மூன்று. இன்று கல்லூரியில் சேரும் மாணவர் தனியாகக் கத்தி பிடிக்க எட்டரை முதல் பதினொன்றரை ஆண்டு வரை ஆகும். ஆகவே எத்தனை அறுவை நிபுணர்கள் தேவைப்படுவார்கள் என்பதை இப்போதே கணித்தாக வேண்டும். அந்த வேலையைத்தான் இயந்திரக் கற்றலிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பழைய கணிப்புகள் பலமாகச் சறுக்கியிருக்கின்றன. 1990-இல் 70,000 மருத்துவர்கள் உபரியாக இருப்பார்கள் என்று 1980-இல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு சொன்னது. 2024-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தலைகீழாகப் பேசியது: 2036-க்குள் அறுவைப் பிரிவுகளில் மட்டும் 10,100 முதல் 19,900 பேர் வரை குறையலாம்.

மக்கள்தொகையை வைத்துப் பெருக்கிப் பார்ப்பது பழைய வழி. புதிய மென்பொருள் எந்த வட்டாரத்தில் முதியோர் கூடுகிறார்கள், எத்தனை நிபுணர்கள் ஓய்வு வயதை நெருங்குகிறார்கள், காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீள்கிறது என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மனிதக் கண்ணுக்குத் தப்பும் தொடர்புகளைப் பிடிக்கிறது. உண்மையிலேயே பெரிய உதவி இது.

ஆனால் அது படிப்பதெல்லாம் கடந்த காலத்தை. 1970-களில் வயிற்றுப்புண் முற்றினால் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதோ, அமிலத்தைத் தூண்டும் நரம்பைத் துண்டிப்பதோ வழக்கமான ஆபரேஷன். பிறகு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஒரு கிருமி என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கண்டுபிடித்தார்கள்; 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். சில நாள் மாத்திரையில் ஆறும் நோய்க்குக் கத்தி எதற்கு? 1975 வரையிலான பதிவேடுகளை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் எந்த இயந்திரத்துக்கும் இது தெரிந்திருக்காது.

இதைவிடக் கவலை தரும் கோளாறு ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் புழங்கிய ஒரு மென்பொருளை 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அலசியது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பதை அது சிகிச்சைச் செலவை வைத்து முடிவு செய்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்டதே குறைவு. ஆகவே அவர்களுடைய நோயையும் குறைத்தே மதிப்பிட்டது.

அறுவை நிபுணர் கணக்கிலும் இந்தக் குழி இருக்கிறது. இந்தியாவின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்கு வேண்டிய அறுவை நிபுணர்களில் சுமார் 83 சதவீதம் பேர் இல்லை என்று 2021-22 அரசுப் புள்ளிவிவரம் சொல்கிறது. நிபுணர் இல்லாத இடத்தில் குடலிறக்க ஆபரேஷன் நடக்காது; நடக்காதது பதிவேட்டில் ஏறாது. அதைப் படிக்கும் இயந்திரம், இந்த ஊருக்குத் தேவை குறைவு என்றே சொல்லும். ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் ஆண்டுக்கு 14.3 கோடி ஆபரேஷன்கள் கூடுதலாக நடக்க வேண்டும் என்று 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. இவை எந்த ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டிலும் இல்லாதவை.

எனவே நடந்த ஆபரேஷன்களோடு பிரசவங்கள், விபத்துகள், புற்றுநோய்ப் பதிவுகள் ஆகியவற்றையும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆட்களையும் தனித்தனியாக எண்ணக் கூடாது. அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், மகப்பேறு மருத்துவர் மூவகையினரும் சேர்த்து லட்சம் பேருக்கு 20 பேராவது வேண்டும் என்பது அந்த ஆணையம் வைத்த இலக்கு. மயக்க மருந்து கொடுக்க ஆளில்லை என்றால், அறுவை நிபுணர் இருந்தும் பெரிய ஆபரேஷன் எதுவும் நடக்காது.