தம்பியைச் சுமக்கும் அக்காவின் படிப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் தறிக் கூலியை நம்பி வாழும் தலித் வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அந்த வீட்டில் மூளை முடக்குவாதம் உள்ள தம்பி இருந்தால், அவனுக்குச் சோறு ஊட்டுவதும் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வதும் அக்காவின் வேலையாகிவிடுகிறது. ‘பொறுப்பான பிள்ளை’ என்று தெரு பாராட்டும். வகுப்பறையில் அவள் இடம் காலியாக இருப்பதை யாரும் கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். ஆள் வைத்துப் பார்க்க வசதியில்லாத வீடுகளில்தான் இந்தச் சுமை கூடுதல்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பள்ளிக்கு வரவே இயலாதவர்களுக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு. வட்டார வள மையத்தில் கேட்கலாம். தம்பிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தால்தான் அக்காவும் தவறாமல் பள்ளிக்குப் போக முடியும்.

பெற்றோருக்குப் பிறகு? மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 18 வயதைக் கடந்ததும், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவர்களுக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கக் கோரி உடன்பிறந்தவர்களும் மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பி, அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று பேச, அக்கா படித்திருக்க வேண்டும்.