எல்லை தாண்டிக் குடியேறுமுன்

வேலூரிலிருந்து சித்தூருக்குச் சுமார் 35 கிலோ மீட்டர் தூரமே உள்ளது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மேலும் 70 கிலோ மீட்டர். காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் அலுவல் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். இவ்வளவு அண்மையில் இருக்கும் ஊருக்கு மாற்றலாகிச் செல்பவர், நாகர்கோவிலுக்கோ இராமநாதபுரத்துக்கோ செல்பவரைவிடக் குறைவான முன்னேற்பாட்டுடனேயே புறப்படுவது வழக்கம். ஆனால் அவர்தான் கூடுதலான முன்னேற்பாடு செய்யவேண்டியவர். தூரம் குறைவேயாயினும் இடையில் இருப்பது மாநில எல்லை. பள்ளிச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ், நிலப் பதிவு, வாகனப் பதிவு ஆகிய எல்லாமே அந்த எல்லையில் வேறு சட்டத்துக்கு உட்படுகின்றன.

இந்த எல்லை பழமையானதன்று. 1911 ஏப்ரல் 1 அன்று, வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. அப்போது அது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனுடன் சென்றது. எல்லைத் தகராறு அத்துடன் தீரவில்லை. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய கிளர்ச்சிக்கும் பட்டாஸ்கரின் பரிந்துரைக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. இறுதியாக 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டமே பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே, திருப்பதியில் வீடு வாங்குபவரின் கையில் வரும் பழைய பத்திரங்களில் ‘சித்தூர் மாவட்டம்’ என்றிருப்பதில் தவறில்லை. ஆனால் இன்று எழுதப்படும் விண்ணப்பங்களில் மாவட்டத்தின் பெயரைச் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

இப்பகுதிக்குக் குடியேறுவோரின் தொகை பெருகி வருவதற்குக் காரணங்கள் பல. திருமலை தேவஸ்தானத்தின் பணிகள் ஒருபுறம். 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதே ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகம், காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் ஆகியன மறுபுறம். சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்தபின், சென்னையில் வேலை பார்த்துவந்த பலர் எல்லையைக் கடக்கலாயினர்.

பிள்ளைகளின் பள்ளி ஆண்டுகள்

குடியேறுமுன் வாடகையைக் கணக்கிடுகிறோம். பள்ளிக் கட்டணத்தைக் கணக்கிடுகிறோம். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும்போது எல்லையைக் கடக்கிறது என்பதை யாரும் கணக்கிடுவதில்லை. வாடகை அதிகமென்றால் வேறு வீடு பார்க்கலாம். பள்ளி ஆண்டுகள் தவறிவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆந்திரத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. 1973ஆம் ஆண்டின் 32ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தினால் 371-டி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1974இல் கல்வி நிலையச் சேர்க்கை குறித்தும், 1975இல் அரசுப் பணிகள் குறித்தும் குடியரசுத் தலைவரின் ஆணைகள் பிறந்தன. ஒரு பகுதியின் வாய்ப்புகளை மற்றொரு பகுதியினர் கவர்ந்துகொள்கின்றனர் என்ற குறையைத் தீர்ப்பதே அவற்றின் நோக்கம். இதன்படி, மாநிலக் கல்லூரிகளின் இடங்களில் 85 விழுக்காடு அந்தந்தப் பல்கலைக்கழகப் பகுதியின் ‘உள்ளூர்’ மாணவர்களுக்கு உரியது. உள்ளூர் மாணவர் யார் என்பது பிறந்த ஊரால் தீர்மானிக்கப்படுவதில்லை. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டுடன் முடியும் தொடர்ச்சியான நான்கு கல்வி ஆண்டுகள் அப்பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பதே முதன்மையான விதி. சித்தூர், திருப்பதி ஆகிய இரண்டும் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதிக்குள் அடங்குபவை. எனவே இவ்விரு ஊர்களுக்கிடையே மாறுவதால் ஒன்றும் கெடுவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டால் இது விளங்கும். பொறியியற் கல்லூரிக்கு இண்டர்மீடியட் என்னும் பன்னிரண்டாம் வகுப்பே தகுதி. ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் திருப்பதிக்கு வந்த பெண்ணுக்கு நான்கு ஆண்டுகள் நிறைந்துவிடும். அவள் உள்ளூர் மாணவி. ஓர் ஆண்டு தாமதித்துப் பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த அவள் தம்பிக்கு மூன்று ஆண்டுகளே இருக்கும். அவன் எஞ்சிய 15 விழுக்காட்டு இடங்களையே நாட வேண்டும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு: மாநிலத்தில் மொத்தம் பத்தாண்டுகள் வசித்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர் அங்கு மாநில அரசிலோ மத்திய அரசிலோ பொதுத்துறையிலோ பணிபுரிய வேண்டும். அரசு அலுவலரின் மகனுக்குக் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. தனியார் தொழிற்சாலைக்கு வந்த தொழிலாளியின் மகனுக்கு அதுவும் இல்லை. ஒரே தெருவில் குடியிருக்கும் இருவருக்கிடையே உள்ள இந்த வேறுபாட்டைப் பெற்றோர் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதுதான் அறிகின்றனர். இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேர்க்கை ஆண்டின் விதிக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணுவோர் அங்கு இழப்பதையும் அறியவேண்டும். 2020ஆம் ஆண்டின் சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தரப்படும் 7.5 விழுக்காட்டு முன்னுரிமைக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளிகளிலேயே படித்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டு சித்தூர்ப் பள்ளியில் படித்தாலும் அவ்வுரிமை போய்விடுகிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் அளிக்கப்படும் 20 விழுக்காட்டு முன்னுரிமையும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், பள்ளிப் பருவம் முழுவதும் தமிழ்வழியில் படித்தவர்க்கே உரியதாயிற்று. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழகப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் தேறுவதும் கட்டாயம். குப்பம், நகரி போன்ற எல்லையோரப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு என்பது ஓரளவு ஆறுதலளிப்பது. திருப்பதி நகரில் குடியேறுபவர், வீட்டிலேனும் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்கத் தவறக்கூடாது.

ஈராண்டு மாற்றலுக்காக, எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையைப் பள்ளி மாற்றுவது இவ்வெழுத்தாளரின் கருத்தில் உகந்ததன்று. வேலூரிலிருந்து சித்தூருக்குத் தந்தை நாள்தோறும் பேருந்தில் போய்வரும் சிரமம், பிள்ளை இரு மாநிலத்திலும் வெளியாளாக நிற்கும் சிரமத்தைவிடச் சிறியது. நீண்ட காலம் தங்குவது உறுதியானால், ஒன்பதாம் வகுப்புக்கு முன்னரே குடும்பத்துடன் சென்றுவிடுவது நலம். மத்திய அரசின் உயர்கல்வி நிலையங்களில் அகில இந்திய அளவில் சேர்க்கை நடைபெறுவதால் அங்கு இக்கணக்கு எழுவதில்லை.

சாதிச் சான்றிதழ்

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாநிலம்தோறும் பட்டியல் தனித்தனியே உள்ளது. ஒரே பெயருள்ள சாதி இரு பட்டியல்களிலும் இருந்தாலும், ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமை குடியேற்றத்தால் மற்ற மாநிலத்துக்குத் தொடர்ந்து வருவதில்லை. இதை 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு உறுதிசெய்தது. அவ்வழக்கும் ஆந்திரத்தைச் சேர்ந்ததே. ஆந்திரத்தில் பழங்குடியினராகக் கருதப்பட்ட ஒரு குடும்பம், தந்தையின் வேலை நிமித்தம் பம்பாய்க்குச் சென்றது. ஒன்பது வயதில் சென்ற மகன், மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது பழங்குடியினருக்குரிய இடம் அவனுக்கு மறுக்கப்பட்டது. நீதிமன்றமும் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து திருப்பதிக்குச் செல்பவருக்கும் இதுவே நிலை. பிறந்த மாநிலத்தில் அவருக்குள்ள தகுதி அழிவதில்லை. புதிய மாநிலத்தின் இட ஒதுக்கீட்டை அவர் கோர முடியாது என்பதே பொருள். மத்திய அரசுப் பணிகளிலும் கல்வி நிலையங்களிலும் அவர் சான்றிதழ் செல்லும். பத்தாம் வகுப்புக்குப் பிந்திய மத்திய அரசின் கல்வி உதவித்தொகையையும் மாணவர் தாம் படிக்கும் மாநிலத்தில் அன்றி, தம் சொந்த மாநிலத்தின் வழியாகவே கோரவேண்டும். ஆகவே புறப்படுமுன் தந்தையின் பெயரிலும் பிள்ளைகளின் பெயரிலும் சான்றிதழ்களைச் சொந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அதற்காக ஊருக்கு வருவது, பெரும்பாலும் தேர்வுக் காலத்தில்தான் நேர்கிறது.

வீடும் நீரும்

சித்தூரில் வீடு பார்ப்பவர் முதலில் கேட்கவேண்டியது வாடகையை அன்று, கோடையில் தண்ணீர் எவ்வாறு வருகிறது என்பதை. நீவா ஆற்றங்கரையில் உள்ள இந்நகரம் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு எதையும் பெற்றதன்று. ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் இங்கே பழகிப்போன செய்திகள். ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்ப்பது இவ்வகையில் உத்தமம். உண்மை அப்போது மறைவதில்லை. திருப்பதிக்குக் கல்யாணி அணையும், கண்டலேற்றிலிருந்து வரும் தெலுங்கு கங்கை நீரும் உதவுகின்றன. ஆயினும் நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்துபோகும் ஊரில் நீரின் தேவை குடியிருப்போரின் தொகையைக் கொண்டு அளக்கத்தக்கதன்று. பிரம்மோற்சவத்தின்போதும் வைகுண்ட ஏகாதசியின்போதும் பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டிய தெருக்களில் நடப்பதே கடினம். முதியோரும் நோயாளிகளும் உள்ள குடும்பம் சற்று விலகிக் குடியிருப்பது நல்லது.

நீர் இல்லாமை ஒரு தொல்லையென்றால், நீர் மிகுதல் மற்றொன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இங்கும் பெய்கிறது. 2021 நவம்பரில் திருப்பதியின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின, மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்பட்டது, சுவர்ணமுகி கரைபுரண்டது. விஜயநகர காலத்து ஏரியான ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழேயுள்ள கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். முன்பு ஏரியாகவோ ஓடையாகவோ இருந்த நிலத்தில் புதிய மனைகள் எழுந்திருப்பதை வெயில் காலத்தில் பார்ப்பவர் அறிய முடியாது. அத்தெருவில் பத்தாண்டு வசித்த ஒருவரை, 2021இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் போதும். வீட்டுத் தரகர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

மனை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். திருமலைக் கோயிலின் நிர்வாகம் 1843 முதல் 1933 வரை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் தேவஸ்தான நிலங்கள், மடத்து நிலங்கள், அரசுப் புறம்போக்குகள் ஆகியன கலந்து கிடக்கின்றன. விற்கத் தடையுள்ள நிலங்களின் பட்டியல் ஆந்திரத்தில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் உண்டு. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அப்பட்டியலில் அந்தப் புல எண் இல்லை என்பதையும் பார்த்தபின்னரே முன்பணம் தரவேண்டும்.

சில சில்லறை அலுவல்கள்

குடும்ப அட்டையை உடனே மாற்றவேண்டியதில்லை. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ ஏற்பாடு 2022இல் நாடு முழுவதும் நிறைவுற்றதால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைக்கு உரிய தானியத்தை எங்கும் பெறலாம். மாநில அரசு தனியே தரும் பொருள்களுக்கு இது பொருந்தாது. வாக்காளர் பட்டியலில் இடம் மாற 2022 ஆகஸ்டு முதல் எட்டாம் எண் படிவமே உரியது.

வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. ஊரை விட்டுப் புறப்படும்போதே அதைப் பெற்றால் ஒரு பயணம் மிச்சமாகும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். சித்தூர்க் கடைத்தெருவில் தமிழ் செல்லும். மாம்பருவத்தில் கூழ் ஆலைகளின் வாயிலில் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாம்பழத்துடன் காத்துநிற்கும் லாரிகளைச் சுற்றி இரு மொழிப் பேச்சும் கலந்து ஒலிக்கும். ஆனால் அலுவலகத்தில் மனுவும் அறிவிப்பும், பேருந்தின் பெயர்ப்பலகையும் தெலுங்கிலேயே இருக்கும். பேச்சுத் தெலுங்கு சந்தையில் தானே வந்துவிடும். எழுத்து அவ்வாறு வராது. மாற்றல் ஆணை வந்த நாளிலிருந்து பணியேற்கும் நாள்வரை கிடைக்கும் சில வாரங்களில் அதன் அரிச்சுவடியை முடித்துவிடலாம்.