புலிமுகச் சிலந்தியும் அதன் நஞ்சும்

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடிச் சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி வலைப்பந்தரிட்ட சிலந்தி, அவ்வலையை நாள்தோறும் அழித்த யானையின் துதிக்கையுட் புகுந்து கடித்ததென்றும், யானையும் நஞ்சேறி மாண்டதென்றும் பெரியபுராணம் கூறும். அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது. யானையையே வீழ்த்திய கடி மனிதனை என்ன செய்யாது என்ற எண்ணம் தமிழர் உள்ளத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருத்தல் வியப்பன்று.

பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் இவ்வச்சத்திற்கு இலக்காவது, கால்களை விரித்தால் ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள மயிரடர்ந்த சிலந்தியே. இலங்கைத் தமிழர் இதனைப் புலிமுகச் சிலந்தி என்பர். சிங்களவர் திவிமகுளுவா, அதாவது சிறுத்தைச் சிலந்தி, என்பர். விலங்கியலார் இதன் பேரினத்திற்குப் பெசிலோதீரியா எனப் பெயரிட்டுள்ளனர். இதன் இனமொன்றைப் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1804 இல் விவரித்தார். மலைநாட்டிற்குரிய சப்ஃபஸ்கா என்னும் இனத்தை ஆங்கிலேயரான போகொக் 1895 இல் விவரித்தார். மரப்பொந்திலும் பட்டையிடுக்கிலும் பகலைக் கழித்து, இரவில் பூச்சிகளை வேட்டையாடுவது இதன் இயல்பு. முதுமரங்கள் வெட்டப்படுமிடத்து, பழைய கட்டடங்களின் மரவேலை இடுக்குகளிலும் இது புகலிடம் தேடும். மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை. நசுக்கப்படும்போதோ கையாற் பற்றப்படும்போதோ கடிக்கும்.

இத்தகைய பெருஞ்சிலந்திகளுக்கு மேனாட்டார் வழங்கும் தராந்துலா என்ற பெயரும் ஓர் அச்சத்தின் எச்சமே. இத்தாலியின் தாரந்தோ நகர்ப்புறத்தில் வாழ்ந்த வேறொரு சிலந்தி கடித்தால், ஓயாது ஆடினாலன்றி உயிர் தங்காது என மக்கள் நம்பினர். அந்நகரின் பெயர் முதலில் அச்சிலந்திக்கும், பின்னர் அதனோடு நெருங்கிய உறவில்லாத பெருஞ்சிலந்திகளுக்கும் சென்றது.

உண்மை யாதெனின், இக்குடும்பத்துச் சிலந்தி கடித்து மனிதர் எவரும் இறந்ததாக உறுதிப்பட்ட சான்று இல்லை. ஆஸ்திரேலியாவில் 2003 இல் வெளியான ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. அங்குள்ள இத்தகைய சிலந்திகள் கடித்த ஏழு நாய்களும் இறந்தன. அவற்றுள் இரு நிகழ்ச்சிகளில் அதே சிலந்தி நாயின் உரிமையாளரையும் கடித்தது. அவருக்கோ குறிப்பிடத்தக்க தீங்கு நேரவில்லை. ஓருயிரைக் கொல்லும் நஞ்சு மற்றோருயிரையும் கொல்லும் என்று கொள்வது பிழையென்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயின் கொல்லாதது தீங்கற்றது என்று கொள்வதும் பிழையே. பெசிலோதீரியாவின் கடிபற்றிய செய்திகளைத் திரட்டி 2014 இல் வெளிவந்த ஆய்வு, வலியும் வீக்கமும் மட்டுமன்றிக் கடுமையான தசைப்பிடிப்பும் பலருக்கு உண்டாதலைக் காட்டிற்று. இப்பிடிப்பு கடித்தவுடன் தோன்றுவதில்லை. சராசரியாகப் பத்து மணிநேரம் கழிந்தே தொடங்குகின்றது. சிலரிடம் ஒரு மாதம்வரை நீடித்ததுமுண்டு. மாலையில் கடிபட்டு, வலி தணிந்ததென்று உறங்கச் சென்ற தொழிலாளி விடியலில் தசை முறுக்கேறி எழுந்தால், அது செய்வினையன்று. நஞ்சின் இயல்பான போக்கு. இதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. கடிவாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தியசாலைக்குச் சென்றால், வலியையும் பிடிப்பையும் தணிக்கும் சிகிச்சை பெறலாம். கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் சிலந்தியினும் மிகுந்த கேடு செய்வன.

தமிழில் சிலந்தி என்னுஞ் சொல் கட்டியையும் புண்ணையும் குறிக்கும். காரணந் தெரியாத கொப்புளங்களையெல்லாம் சிலந்திக்கடி என்று தீர்மானிக்கும் வழக்கத்திற்கு இச்சொல்லும் துணைசெய்கின்றது போலும். புண்ணளவில் இவ்வழக்கம் பெருந்தீங்கு செய்யாது போகலாம், பாம்புக்கடியில் அவ்வாறன்று. தோட்டங்களின் சருகுக்குவியலில் மறைந்து கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த சிறு குழிவிரியன் கடித்தாலும் முதலில் வலியும் வீக்கமுமே தோன்றும். அதன் நஞ்சு சிலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். அருகி உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. இந்தியாவில் தயாரித்து இங்குப் பயன்படுத்தப்படும் முறிமருந்து அந்நஞ்சை முறிப்பதில்லை. ஆதலின் நோயாளியின் இரத்தத்தையும் சிறுநீரையும் காலத்தே சோதித்தலே காப்பு. கொழுந்து பறிக்கையிலோ விறகு எடுக்கையிலோ கடிபட்டவர் கடித்த உயிரைத் தம் கண்ணாற் கண்டிலரேல், அதனைச் சிலந்தி என்று கூறி இலயத்தில் தங்கிவிடாது, பாம்பு அன்றென வைத்தியர் துணியும்வரை வைத்தியசாலையிலேயே இருத்தல் வேண்டும்.