செயற்கைக் கோளின் கண்ணில் சிறு வயல்

பச்சைப் பசேலென்று இருக்கும் இலை, வெயிலில் உள்ள சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக் கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையோ திருப்பி அனுப்பி விடுகிறது. வறட்சியோ நோயோ தாக்கினால் இந்த அளவு மாறும். பயிரைத் தொடாமலே இம்மாற்றத்தை மேலிருந்து அளந்து, அதன் நிலையை அறிவதுதான் தொலையுணர்வு முறை.

தென்னையில் தொடக்கம்

நம் நாட்டில் இம்முறைக்குத் தென்னையே வழிகாட்டியது. 1970ஆம் ஆண்டையொட்டி, கேரளத்தில் வேர்வாடல் நோய் கண்ட தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் சென்று, அகச்சிவப்புக் கதிர் பதியும் பிலிமில் படம் எடுத்தார்கள். விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடி இதை முன்னின்று நடத்தினார். 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற இந்தியச் செயற்கைக் கோள் இப்பணிக்காக ஏவப்பட்டது.

எத்தனை சென்ட் தெரியும்?

செயற்கைக் கோள் படம் கட்டம் கட்டமாக அமைந்தது. ஒரு கட்டத்துக்குள் இருப்பவை யாவும் கலந்து ஒன்றாகவே பதியும். 1988இல் சென்ற கோளின் ஒரு கருவியில் ஒரு கட்டம் ஒன்றேகால் ஏக்கருக்கும் சற்று அதிகம். அரை ஏக்கர் நெல்லும் பக்கத்து வாழையும் அதில் பிரிந்து தெரியாது. 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பிய சென்டினல்-2 கோளில் ஒரு கட்டம் சுமார் இரண்டரை சென்ட்தான். 40 சென்ட் வயலுக்கு ஏறக்குறைய 16 கட்டங்கள் கிடைக்கும். வரப்போரக் கட்டங்களில் மட்டும் அடுத்த வயலும் கலந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் இத்தகைய படம் பயன்படாது. அப்போது மேகத்தை ஊடுருவும் ராடார் கோள்கள் உதவுகின்றன. நீர் தேங்கிய நடவு வயல் அவற்றின் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர்கட்டி வளர வளர வெளுக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த மாற்றத்தைக் கொண்டு நெல் பரப்பைக் கணக்கிட்டுள்ளது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பயிர் மங்கியது என்று கோள் சொல்லும். தண்ணீர்க் குறைவா, புகையானா, தழைச்சத்துப் பற்றாக்குறையா என்பதை வயலில் இறங்கிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். வயல் யாருடையது என்பதும் கோளுக்குத் தெரியாது. அதைச் சொல்வது கிராமக் கணக்கே.

எனவே சாகுபடி செய்த பயிர், பரப்பு, புல எண், உட்பிரிவு எண் ஆகியவை அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று ஒவ்வொரு போகத்திலும் பார்த்துக் கொள்ள வேண்டும். பயிர்க் காப்பீட்டிலும் அதே விவரங்களைத் தர வேண்டும். குத்தகைதாரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

வெள்ளமோ வறட்சியோ தாக்கினால், மேலிருந்து பார்த்துக் கொள்வார்கள் என்று இருந்துவிடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். படமும் பதிவும் ஒத்திருந்தால்தான் சிறு வயலின் சேதமும் கணக்கில் வரும்.