காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுப்பது ஏன்?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், "மாத்திரை போடாமல் ரத்தம் கொடுக்க வாங்க" என்பார்கள். அந்த மாத்திரையிலுள்ள டாக்ரோலிமஸ் என்ற மருந்து ரத்தத்தில் குறைந்தால் உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கும்; கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். அடுத்த வேளைக்குச் சற்று முன்னுள்ள குறைந்தபட்ச அளவைத்தான் நாளுக்கு நாள் ஒப்பிட முடியும். அது பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 5 முதல் 15 நானோகிராம் இருக்க வேண்டும்.

இந்த மருந்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் பதுங்கிவிடும். அதனால் பிளாஸ்மாவை மட்டும் சோதித்துப் பயனில்லை. முழு ரத்தம் வேண்டும். அணுக்களை உடைத்து மருந்தை வெளியே எடுத்த பிறகுதான் அளவீடு. ஆன்டிபாடி முறை எளிது. ஆனால் மருந்து சிதைந்து உண்டாகும் பொருள்களில் சிலவற்றையும் மருந்தென்றே கணக்கில் சேர்த்துவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறுகளை எடையால் பிரித்தறிவதால் அந்தக் குழப்பம் குறைவு. கருவியின் விலைதான் மலைக்க வைக்கும். ஒரே ஆய்வகத்தில் தொடர்வது நல்லது: முறை மாறினால், உடலில் மருந்து அப்படியே இருக்க, எண் மட்டும் மாறிவிடலாம்.