பனிக்கட்டி மாளிகையில் தேனிலவு

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் புறப்படும் இயந்திரப் படகுகளிலே புதுமணத் தம்பதியர் அமர்ந்து செல்லும் காட்சி தீவகத்து மக்களுக்குப் புதிதன்று. கூறைச் சேலையை அலைத் திவலையினின்று காத்துக்கொள்ள முயலும் மணப்பெண்ணும், அவள் அஞ்சாதிருக்க அருகே நெருங்கி அமரும் மணமகனும் நாகபூஷணி அம்மன் சந்நிதியில் வழிபட்டுத் திரும்புவர். அதன் பின்னர் உற்றார் வீடுகளிலே விருந்து தொடங்கும். இன்று பெரியப்பா வீடு, நாளை மாமி வீடு என்று அழைப்பு வந்துகொண்டேயிருக்கும். தேனிலவு என்னும் சொல் மேனாட்டு வழக்கிலிருந்து பெயர்த்துக்கொண்ட சொல்தான். ஆயினும், புதிதாக இணைந்த இருவரைப் பிறர் அழைத்து உபசரிக்கும் வழக்கம் நமக்கு மிகப் பழையது.

இற்றை நாளில் உலகின் வடகோடியிலே வேறொரு வகைத் தேனிலவு நடைபெறுகின்றது. அங்கே மணமக்களுக்கு அளிக்கப்படும் அறையின் சுவர் பனிக்கட்டி, கூரை பனி, கட்டிலும் பனிக்கட்டியே. இச்செய்தியைக் கேட்கும் நம்மூர்ப் பாட்டி ஒருத்தி, "காசையும் குடுத்து, குளிருக்கை கிடந்து விறைக்கிறதோ?" என்று கேட்பாளாயின், அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

சுவீடன் நாட்டின் வடபகுதியில், கிரூணா நகருக்கு அண்மையிலே, யூக்கஸ்யார்வி என்னும் சிற்றூர் உள்ளது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அது அமைந்திருக்கின்றது. துருவ மான்களை மேய்த்து வாழும் சாமி என்னும் இனத்தார் நெடுங்காலமாகப் பழகிய நிலம் அது. கோடையிலே டோர்னே ஆற்றை நாடி வெளியூரார் வருவர். மாரியில் வருவோர் அரியர். அங்கே சுற்றுலாத் தொழில் நடத்திய இங்வே பேரிக்விஸ்ட் என்பவர், ஊருக்குக் குறையென்று கருதப்பட்ட குளிரையே ஊரின் செல்வமாக்க எண்ணினார். 1989-90ஆம் ஆண்டு மாரியிலே பனிக்கட்டிச் சிற்பப் பயிற்சியும், வெண்பனியாலான ஒரு கலைக்கூடமும் அங்கே தோன்றின. அக்கூடத்தில் ஓரிரவு உறங்கிப் பார்க்கச் சிலர் விரும்பினர். பனிக்கட்டி விடுதியின் தொடக்கம் இதுவே.

அதனைக் கட்டும் முறை அறியத்தக்கது. மார்ச் மாதத்திலே, ஆறு தடித்து உறைந்திருக்கும் வேளையில், அதன் மேற்பரப்பை இயந்திர வாளால் அறுத்துப் பெருங்கட்டிகளாக எடுப்பர். ஒவ்வொரு கட்டியும் ஏறக்குறைய 2 தொன் நிறையுள்ளது. ஓடும் நீர் மெல்ல மெல்ல உறைந்தமையால் அதிலே காற்றுக் குமிழிகள் குறைவு, கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அடுத்த போகத்துக்கு விதைநெல்லைப் பேணுவதுபோல, அக்கட்டிகளைக் குளிர்ந்த களஞ்சியத்திலே கோடை முழுவதும் பேணி வைப்பர். மீண்டும் குளிர் இறங்கியதும், வளைவான இரும்பு அச்சுக்களின்மீது வெண்பனியும் நீரும் கலந்த கலவையை இயந்திரத்தாற் பீச்சுவர். அது இறுகியபின் அச்சை இழுத்து அகற்றினால், வளைகூரை தூண் எதுவுமின்றித் தானே நிற்கும். பல நாட்டுக் கலைஞர்கள் வந்து அறைகளை வெவ்வேறு வடிவிலே செதுக்குவர். டிசம்பரில் விடுதி திறக்கும். இளவேனில் வந்ததும் உருகி, எந்த ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த ஆற்றுக்கே மீளும். 2016ஆம் ஆண்டு முதல், சூரிய ஒளியிற் பெற்ற மின்சாரத்தாற் குளிரூட்டி, ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் உருகாமற் காத்து வருகின்றனர். நோர்வேயின் அல்ற்றா என்னும் ஊரிலும், 2001ஆம் ஆண்டு முதல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் இத்தகைய விடுதிகள் மாரிதோறும் எழுந்துள்ளன.

இனி, விறைத்துப்போகும் அச்சத்துக்கு வருவோம். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் வரை இறங்கும் இரவுகளிலும், விடுதியின் உள்ளே பூச்சியத்துக்குக் கீழே 5 முதல் 8 பாகை அளவிலேயே நிற்கும். வெண்பனியின் துகள்களிடையே காற்று சிறைப்பட்டிருப்பது இதற்குக் காரணம். அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நம்மூர்ப் பனையோலைக் கூரையின் கீழே நண்பகலிலும் குளிர்ச்சி இருப்பதற்கும் இதுவே காரணம். ஓலைகளின் இடையே தங்கிய காற்று வெளிவெப்பத்தை உள்ளே விடாது. பனிச் சுவரிலே தங்கிய காற்று உள்வெப்பத்தை வெளியே விடாது. இரண்டிலும் தொழிற்படும் தத்துவம் ஒன்றே.

எனினும், நீர் உறையும் நிலைக்கும் கீழ்ப்பட்ட குளிரிலேதான் அங்கே உறங்கவேண்டும். ஆதலின் பனிக்கட்டிக் கட்டிலின்மீது மெத்தையும், அதன்மேல் துருவ மான் தோலும் விரித்துத் தடித்த உறங்குபை கொடுப்பர். அப்பையினுள்ளே உறங்குபவரின் உடற்சூடே அவரைக் காக்கும். அருகிலே வெப்பமூட்டப்பெற்ற கட்டடம் ஒன்று இரவு முழுவதும் திறந்திருக்கும். குளிர் தாங்காதவர் எழுந்து அங்கே செல்லலாம். காலையிலே பணியாளர் சூடான பழரசத்தோடு வந்து துயிலெழுப்புவர். பெரும்பாலோர் பனியறையில் ஓரிரவு மட்டுமே தங்கி, மற்றைய இரவுகளை வெப்ப அறைகளிற் கழிப்பர். அங்கேயே திருமணம் செய்துகொள்வோரும் உளர். டிசம்பரின் நடுவிலிருந்து சில வாரங்கள் அங்கே கதிரவன் தொடுவானுக்கு மேலே எழுவதில்லை. அந்த நெடிய இருளிலே, கதிரவனிலிருந்து வரும் நுண்துகள்கள் உயர்வளி மண்டலத்தைத் தாக்குவதனால் எழும் வடதுருவ ஒளி, பச்சைத் திரைச்சீலைபோல வானிலே அசையும். இருவர் ஒருவரை ஒருவர் அண்டியிருந்து காணத் தக்க காட்சி அது.

ஆனால், பனிக்கட்டி மாளிகையில் மணவிரவு கழித்த தம்பதியருள் வரலாறு அறிந்த முதல் இருவர் விரும்பிச் சென்றவரல்லர். 1740ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே ருஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் அது நிகழ்ந்தது. அந்நாளைய பேரரசி ஆன்னா இவானோவ்னா, நீவா நதிக்கட்டிகளைக் கொண்டு ஒரு மாளிகை எழுப்புவித்தார். கட்டிலும் தலையணையும் மரங்களும் பறவைகளும் யானையும் பனிக்கட்டியிலேயே செதுக்கப்பட்டன. கொலீட்சின் என்னும் பிரபு, கத்தோலிக்கப் பெண்ணொருத்தியை மணந்த குற்றத்துக்காக முன்னரே அரசவையில் விதூஷகனாக்கப்பட்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்த அவருக்கு, அவ்தோத்தியா என்னும் கல்மிக் இனத்துப் பணிப்பெண்ணைப் பேரரசி தாமே மணமுடித்து வைத்தார். இருவரையும் கூண்டில் அடைத்து, யானைமீதேற்றி ஊர்வலம் விட்டு, பனிக்கட்டி மாளிகையினுள்ளே தள்ளினர். விடியுமளவும் அவர்கள் வெளியேறாதபடி வாயிலிலே காவலர் நிறுத்தப்பட்டனர். மணப்பெண் தன் முத்துமாலையைக் காவலனுக்குக் கொடுத்து ஒரு தோலங்கியைப் பெற்றாள் என்றொரு கதை வழங்குகின்றது. எவ்வாறாயினும் இருவரும் உயிர் தப்பினர். பேரரசியோ அவ்வாண்டு அக்டோபரிலே காலமானார்.

சென் பீட்டர்ஸ்பேர்க்கின் கட்டிலும் பனிக்கட்டி. யூக்கஸ்யார்வியின் கட்டிலும் பனிக்கட்டி. ஒன்று தண்டனையாகவும் மற்றொன்று இன்பமாகவும் அமைந்தது எதனாலே? இங்கே விருந்தினர் தாமே விரும்பி வருகின்றனர், வேண்டியபோது வெளியேறலாம், அவர்களுடைய உயிர் தம் பொறுப்பு என்று கருதும் ஒருவர் அருகிலே விழித்திருக்கின்றார். அங்கே வாயிலில் நின்றவன் தடுக்க நின்றான். இங்கே நிற்பவர் உபசரிக்க நிற்கின்றார். குளிரின் கொடுமையைத் தீர்ப்பது இவ்வேறுபாடே.

அந்நியரின் நலம் தம் பொறுப்பு என்னும் இவ்வெண்ணத்துக்குத் தீவகத்திலேயே கல்லிற் பொறித்த சான்று உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறதேசத்தார் அங்கே தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்பது அதன் கருத்து. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் சேதமுற்றால் காற்பங்கு மாத்திரமே பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவருக்கே என்று அது வரையறுக்கின்றது. கரையில் ஒதுங்கியவை அனைத்தையும் அரசே கவர்ந்துகொள்ள இடமிருந்தும், மன்னன் அதற்கொரு வரம்பு வகுத்தான்.

அத்தீவகமும் அதை அடுத்த குடாநாடும் பிற்காலத்திலே தம் மக்களையே அந்நியராய் வெளியே அனுப்ப நேர்ந்தது. 1956ஆம் ஆண்டிலே குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் நோர்வேக்குச் சென்றார். பின்னர் அந்நாட்டு மக்களின் உதவியோடு காரைநகரிலே சீநோர் என்னும் மீன்பிடித் தொழில் நிறுவனத்தை உருவாக்கினார். 1980களிலே, குறிப்பாக 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர், இளைஞர் பலர் அந்நாட்டிலே அடைக்கலம் தேடினர். அவருட் பலருக்கு வேலை கிடைத்த இடம் நோர்வேயின் வடமுனையாகிய பின்மார்க் மாகாணத்து மீன் பதனிடும் ஆலைகள். அல்ற்றாவின் பனிக்கட்டி விடுதி இருப்பதும் அதே மாகாணத்திலேதான். வாடைக்காற்று வீசினால் காதை மூடிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள், கதிரவன் எழாத மாரியிலே, பனிக்கட்டியில் இட்ட மீனை வெட்டி ஊருக்குப் பணம் அனுப்பினர். அவர்களுக்குக் குளிர் விலைகொடுத்து வாங்கிய இன்பமன்று. அக்குளிரிலும் அவர்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர், மணம் முடித்தனர், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தனர். புதிதாக வந்து இறங்கிய ஒருவனுக்கு முன்னே வந்தவன் கொடுத்த ஒரு தேநீரும், தன் அறையிலே ஒதுக்கிய ஓர் இடமும் அதற்குத் துணைநின்றன.

நெடுந்தீவிலே முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. டோர்னே ஆற்றங்கரை மாளிகையின் சுவர்கள் நான்கைந்து மாதங்களில் நீராகிவிடும். ஆயினும், தம் நிலம் தந்ததைக் கொண்டே வீடமைத்த மக்கள் இரண்டிடத்தும் உளர். பாட்டியின் வினாவுக்கு இனி விடை கூறலாம். பேரரசியின் மாளிகையிலே விறைக்கத்தான் வேண்டும். விழித்திருந்து, விடியலிலே சூடான பானம் ஏந்தி வருவார் இருக்கும் இடத்தில், பனிக்கட்டிக் கட்டிலிலும் புதுமணத் தம்பதியர் அச்சமின்றி உறங்கலாம். நயினாதீவிலிருந்து திரும்பும் படகை எதிர்பார்த்து, இலையும் சோறும் ஆயத்தமாக வைத்துக் காத்திருக்கும் மாமி செய்வதும் அதுவே.